கிரிக்கெட்ல இருந்து அரசியலுக்கு: இந்தப் பேரை ஏன் விட்டுட்டீங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

கிரிக்கெட் ஆடிட்டு அரசியலுக்குப் போனவங்கன்னு யார் எழுதினாலும் இம்ரான் கான், அசாருதீன், ரணதுங்கா, கம்பீர்னு அதே லிஸ்ட்தான் வருது, நம்ம பேப்பர்லயும் அப்படித்தான். ஒரு பொண்ணு பேர் கூட இல்ல. இங்கிலாந்து டீமுக்கு கேப்டனா இருந்து அந்த நாட்டு பார்லிமென்ட் மேல்சபை வரைக்கும் போனாங்க ரேச்சல் ஹேஹோ ஃபிளிண்ட், அவங்களை எப்படி விட முடியுதுன்னு எனக்குப் புரியல.

ஆட்டத்தைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பெண்கள் டெஸ்ட்ல முதல் சிக்ஸர் அவங்க அடிச்சதுதான், 1963ல. 1966ல கேப்டன் ஆனாங்க, அவங்க தலைமையில ஆடின ஆறு டெஸ்ட் சீரிஸ்ல ஒண்ணு கூட தோக்கல. 1976ல ஓவல் மைதானத்துல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா எட்டரை மணி நேரத்துக்கு மேல நின்னு 179 அடிச்சு மேட்சைக் காப்பாத்தினாங்க.

ஆனா நான் சொல்ல வர்றது ரன் கணக்கு இல்ல. 2011ல கன்சர்வேடிவ் கட்சி சார்பா அந்த மேல்சபையில, அதாவது பிரபுக்கள் சபையில உட்கார்ந்தாங்க, அது நியமனப் பதவிதானே, ஓட்டு வாங்கி ஜெயிச்சாங்களான்னு சிலர் கேப்பாங்க. கேள்வி நியாயம்தான், ஆனா அவங்க அரசியல் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. பொண்ணுங்க சொந்தக் காசு போட்டு டூர் போன காலம் அது, அப்பவே ஊர்க்காரரான ஜேக் ஹேவர்ட்ங்கற பணக்காரர்கிட்ட பேசி 40,000 பவுண்டு வாங்கி 1973ல பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையே நடத்த வச்சாங்க, ஆம்பளைங்களுக்கு முதல் உலகக் கோப்பை வந்ததே 1975லதான்! அதை ஜெயிச்சதும் இவங்க டீம்தான். இவ்வளவு செஞ்சவங்ககிட்ட இருந்து 1977ல கேப்டன் பதவியைப் பறிச்சாங்க, அடுத்த வருஷம் இந்தியாவுல நடந்த உலகக் கோப்பை டீம்லயும் அவங்க இல்ல.

அப்புறம் எம்.சி.சி. விஷயம், லண்டன் லார்ட்ஸ் மைதானத்துக்குச் சொந்தக்கார கிரிக்கெட் கிளப் அது. லார்ட்ஸ் மைதானத்துல 1976ல முதல் முறையா பெண்கள் மேட்ச் நடந்தப்ப கேப்டனா இறங்கினவங்க இவங்க, ஆனா அந்த மைதானத்தை வச்சிருக்கற கிளப்ல பொண்ணுங்கறதால அப்ப மெம்பர் ஆக முடியாது. 1991ல "ஆர். ஃபிளிண்ட்"னு மட்டும் போட்டு அப்ளிகேஷன் கொடுத்தாங்க. ஓட்டெடுப்புல தோல்வி. 1998 ஆரம்பத்துல திரும்ப ஓட்டு, பாதிக்கு மேல ஆதரவு இருந்தும் மூணுல ரெண்டு பங்கு வேணும்னு ரூல் இருந்ததால அதுவும் போச்சு, அதே வருஷம் செப்டம்பர்லதான் ஒருவழியா பாஸ் ஆச்சு, 1787ல ஆரம்பிச்ச கிளப்ல 1999லதான் பொண்ணுங்க உள்ள வந்தாங்க, முதல் பத்து பேர்ல இவங்களும் ஒருத்தர். ஆளு சேக்கறது, ஓட்டு கேக்கறது, தோத்தா மறுபடி போய் நிக்கறது, இதுக்குப் பேர் அரசியல் இல்லாம வேற என்னங்க? பார்லிமென்ட்டுக்குப் போனப்ப வயசு 71, 2017 ஜனவரியில இறக்கற வரைக்கும் மெம்பரா இருந்தாங்க.

நம்ம ராஜ்யசபாவுக்கு சச்சினை 2012ல நியமிச்சாங்க, மேரி கோம் 2016ல, பி.டி. உஷா 2022ல, மூணு பேருமே பெரிய ஆளுங்க, சந்தோஷம். ஆனா கிரிக்கெட் ஆடின ஒரு பொண்ணை இன்னும் யாருக்கும் கூப்பிடத் தோணல. 2005, 2017 ரெண்டு உலகக் கோப்பை ஃபைனலுக்கும் இந்திய டீமைக் கூட்டிட்டுப் போன கேப்டன் மிதாலி ராஜ் இருக்காங்க (தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு வேற), வேகப்பந்து வீசின ஜூலன் கோஸ்வாமி இருக்காங்க. மைதானம் கிடைக்காம, சரியான ரயில் டிக்கெட் கிடைக்காம ஆடின தலைமுறை அவங்க, விளையாட்டு பட்ஜெட் பத்தி சபையில பேச அவங்களுக்கு இல்லாத தகுதியா? அடுத்த நியமனம் வர்றதுக்குள்ள இதைப் பத்தி ஒரு தலையங்கம் எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி