ஹோகார்த் படத்தில் காதல் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் கல்யாணச் செலவு பற்றிய கட்டுரையோடு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் 'Marriage A-la-Mode' வரிசையின் முதல் படத்தையும் போட்டிருந்தீர்கள். நல்ல தேர்வு. ஆனால் 'செல்வந்தர் வீட்டுக் காதல்' என்ற விளக்கம் படத்துக்கு நேர்மாறானது. அங்கே நடப்பது சம்பந்தப் பேச்சு. கடனில் மூழ்கிய பிரபுவின் மகனுக்குப் பணக்கார வணிகர் பெண் கொடுக்கிறார். மேசையில் சீர்ப்பணம் கிடக்கிறது.

நீங்கள் படத்தை மணமக்களின் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டதால் காலடியில் இருக்கும் இரண்டு நாய்கள் போய்விட்டன. ஒரே சங்கிலியில் பூட்டப்பட்ட நாய்கள் அவை. அந்தத் திருமணத்தின் நிலையைச் சொல்வதே அவைதான். மறுபக்கம் கீல்வாதக் காலை நீட்டியபடி தம் வம்ச மரத்தைக் காட்டும் பிரபுவும் இல்லை. சன்னலுக்கு வெளியே பணமின்றிப் பாதியில் நிற்கும் மாளிகையும் இல்லை. மாப்பிள்ளை கண்ணாடியில் தன்னையே பார்க்கிறான், பெண்ணின் காதில் வக்கீல் ஏதோ ஓதுகிறார். முழுப் படத்தையும் பார்த்தவர் இதைக் காதல் என்று சொல்லவே மாட்டார்.

இன்னொன்று. 'இடப்பக்கம் மணமக்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள், அச்சில் அவர்கள் வலப்பக்கம் இருக்கிறார்கள். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள எண்ணெய் ஓவியத்தில்தான் (1743 வாக்கில் வரைந்த ஆறு ஓவிய வரிசையில் முதலாவது) அவர்கள் இடப்பக்கம். நீங்கள் போட்டது 1745இல் வெளிவந்த செப்புத்தகட்டு அச்சு. ஓவியத்தில் உள்ளபடியே தகட்டில் செதுக்கினால் தாளில் இடம் வலமாக விழும். அச்சுப்படத்தின் நிழல்களெல்லாம் நெருக்கமான கோடுகள். அதை இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருக்கியதால் கோடுகள் ஒட்டிக்கொண்டு நிழல் பகுதிகள் கறுத்துவிட்டன. செய்தித்தாளுக்கு வண்ண ஓவியமே ஏற்றது, அதுவும் பக்க அகலத்துக்கு.

காதல்தான் வேண்டுமென்றால் பிரான்சின் பிராகொனார் 1767 வாக்கில் வரைந்த 'ஊஞ்சல்' இருக்கிறது. அதையும் வெட்டிவிடாதீர்கள்! காதலன் கீழே இடது மூலையில், புதருக்குள் சாய்ந்திருக்கிறான். ஊஞ்சலை இழுத்து ஆட்டும் பெரியவர் வலப்பக்கத்து இருட்டில். மூலையை வெட்டினால் பறக்கும் செருப்போடு ஒரு பெண் சும்மா ஊஞ்சலாடுவது மட்டுமே மிஞ்சும்.

எங்கள் தோட்டப்புறப் பள்ளிகளில் காட்சிக்கலை படிக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கங்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுகிறார்கள். அடுத்த ஞாயிறு மலரில் ஹோகார்த்தின் முழு ஓவியத்தையும் சரியான விளக்கத்தோடு மறுபடி வெளியிடுங்கள்.

– ஓவிய ஆர்வலர், சுங்கை சிப்புட், பேராக்