மருந்தியல் மாணவர்களுக்குப் பொம்மை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் ஒருவர் பேச்சு மூச்சின்றி விழுந்தால், 999-ஐ அழைத்துவிட்டுப் பக்கத்து மருந்தகத்துக்குத்தான் ஓடுவார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துவதை மருந்தியல் மாணவர்கள் பொம்மையில் பழகுகிறார்கள். நல்லது. ஆனால் மருத்துவமனையில் அவர்கள் கைக்கு வரும் வேலை மருந்து. தடுமாற்றமும் அங்கேதான்.

இதயம் நின்றுபோனவருக்கு, அதைத் தூண்டும் மருந்தான அட்ரினலின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நேரம் குறிக்க ஓர் ஆள் இல்லையென்றால் பதற்றத்தில் கணக்குத் தப்பும். போட்டவுடன் 20 மி.லி. உப்புநீர் செலுத்திக் கையை உயர்த்த வேண்டும். இல்லையேல் மருந்து கையின் இரத்தக் குழாயிலேயே தங்கிவிடும். மூன்று மின் அதிர்ச்சிக்கும் இதயத் துடிப்பு சீராகாவிட்டால், துடிப்பைச் சீராக்கும் மருந்தான அமியோடரோன் 300 மி.கி., அதாவது 150 மி.கி. குப்பி இரண்டு. பதற்றத்தில் ஒன்றை மட்டும் உடைப்பார்கள். அதைக் கலக்க 5% டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைநீர்தான், உப்புநீர் ஆகாது. இரத்தத்தில் அமிலத்தைக் குறைக்கும் சோடியம் பைகார்பனேட் போன மருந்துக் குழாயைக் கழுவாமல் கால்சியம் ஏற்றினால் வெள்ளையாகத் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் ஏட்டில் படித்தால் கை பழகாது. கடிகாரம் ஓட, உண்மையான குப்பிகளை உடைத்து, கேட்ட அளவைத் திருப்பிச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைப் பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுக்கு முன்பே கட்டாயமாக்க வேண்டும்.

மருந்தாளுநர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்