டான் குலச் சங்கங்களுக்கு: கொடுத்துவிட்ட பெண்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள சீன டான் குலச் சங்கங்களின் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் குலத்தில் பிறந்து தமிழ் வீடுகளில் வளர்ந்த பெண்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். 1950இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே, தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தா பாட்டியிடம் அவரைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் டான் வீட்டார் என்று பாட்டி சொல்லித் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குச் சீனம் ஒரு வார்த்தை வராது. மாரியம்மன் தாலாட்டை மனப்பாடமாகச் சொல்வார்.

இது அபூர்வமான கதை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். வறுமை, ஜப்பானியர் கால அவதி, வீட்டில் ஏற்கெனவே நாலு பெண்கள், சீனக் கணக்கில் புலி ஆண்டில் பிறந்த பெண் ஆகாது என்ற நம்பிக்கை எனக் காரணங்கள் பல. 1950உம் புலி ஆண்டுதான். வாங்கிக்கொண்டவர்களில் பிள்ளையில்லாதவர்களும் உண்டு, பிள்ளை இருந்தும் ஆசைக்கு எடுத்து வளர்த்தவர்களும் உண்டு. மலாயாவில் தத்தெடுப்புச் சட்டம் 1952இல் வந்தது என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த பலவற்றுக்கு வாய்ப்பேச்சுதான் சாட்சி. கொடுத்தவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம்.

ஒரு குலமனையில் விசாரித்தபோது, வம்சாவளி ஏடு அப்பனிலிருந்து மகனுக்குப் போவது, பெண்களைத் தனியாக எழுதும் வழக்கம் இல்லை, அதுவும் வெளியே கொடுத்துவிட்ட பெண் என்றால் பேச்சே இல்லை என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். குலம் என்றால் ரத்தம், ரத்தம் என்றால் ஆண் வழி என்பது அதன் உட்பொருள். சரி, அந்தக் கணக்கையே உங்கள் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

உங்கள் குடும்பப்பெயரே ஒரு நாட்டின் பெயர். டான் என்பதை மாண்டரினில் சென் என்பார்கள். சோவ் வம்சத்தின் மன்னர் வூ, ஷாங் அரசை வென்ற பிறகு, பழம்பெரும் அரசர் ஷுன்னின் வழிவந்தவர் என்று கருதப்பட்ட குய் மான் என்பவருக்கு நிலம் கொடுத்தார். தன் மகளையும் மணம் முடித்து வைத்தார். இன்றைய ஹெனான் மாநிலத்தின் ஹுவாய்யாங் பக்கம் இருந்த அந்த நாட்டின் பெயர் சென். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சூ அரசு அதை விழுங்கியது. நாடு போனபின் அதன் மக்கள் நாட்டின் பெயரையே குடும்பப்பெயராக்கிக்கொண்டார்கள். அதற்கு முன்பே, கி.மு. 672இல், சென் வான் என்ற இளவரசர் உயிருக்குப் பயந்து சீ நாட்டுக்கு ஓடினார். அவருடைய சந்ததியார் தியான் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பல தலைமுறைகளுக்குப் பிறகு அந்த நாட்டின் அரியணையையே பிடித்தார்கள். ஆக, ஒரே ரத்தத்துக்கு வேறு பெயர் என்பது முதல் சில நூற்றாண்டுகளிலேயே வந்துவிட்டது.

வேறு ரத்தத்துக்கு இதே பெயர் வந்த கதையும் உண்டு. வட வெய் அரசை ஆண்ட சியன்பெய் மக்கள் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் நீண்ட பெயர்களை விட்டுச் சீனப் பெயர்களை எடுத்தபோது, ஹோமோசென் என்ற குடும்பத்தார் சென் ஆனார்கள். இன்று தன்னை சென் என்று சொல்லிக்கொள்கிற ஒருவரின் முப்பாட்டன் புல்வெளியில் குதிரை மேய்த்தவராகவும் இருக்கலாம். யாரும் அவரை ஏட்டிலிருந்து அடிக்கவில்லையே.

தெற்கே வந்த கதை இன்னும் சுவையானது. டாங் காலத்தில் ஹெனானின் குஷி பகுதியிலிருந்து படையோடு ஃபூச்சியான் போனவர் சென் யுவான்குவாங். 686இல் சாங்சோவ் ஆட்சிப் பகுதியை உருவாக்கியவர் அவர்தான். இன்றும் உங்கள் கோயில்களில் சாங்சோவைத் திறந்த தெய்வமாக வீற்றிருக்கிறார். அந்தக் கரையிலிருந்து பாய்மரம் ஏறியவர்கள்தான் மலாக்காவிலும் பினாங்கிலும் டான் ஆனார்கள். ஹொக்கியென் நாக்கில் டான், கண்டனிஸ் நாக்கில் சான், ஹக்கா நாக்கில் சின். வியட்நாமில் டிரான். 1225 முதல் 1400 வரை அந்நாட்டை ஆண்டு மங்கோலியரை விரட்டிய அரச வம்சத்தாரின் முன்னோர் ஃபூச்சியானிலிருந்து போனவர்களே. இந்தோனேசியாவில் 1966 அரசாணைக்குப் பிறகு டான்கள் பலர் சுதாந்தோ, தானுவிஜயா என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வந்து கேட்டால் உங்கள் கதவு திறக்கும் என்று நம்புகிறேன். பெயர் மாறியதால் உறவு போகாது என்றால், என் அம்மாவுக்கு மட்டும் ஏன் போக வேண்டும்?

இடையில் ஒன்று: ஜாக்கி சானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பாவின் உண்மையான குடும்பப்பெயர் ஃபாங். பிறகு சான் என்று மாற்றிக்கொண்டவர். உலகத்துக்கே தெரிந்த சான், அப்பா வழியில் சான் அல்ல!

குவாங்சோவில் 1894இல் கட்டி முடித்த சென் குல மண்டபத்துக்குக் குவாங்டோங்கின் 72 மாவட்டங்களைச் சேர்ந்த சென் குடும்பங்கள் பணம் கொடுத்தன. அத்தனை பேரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளா என்று யாரும் துருவித் துருவிப் பார்க்கவில்லை. பெயர் ஒன்று, பணம் வந்தது, முன்னோர் பலகை ஏறியது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் நகரத்துக்குத் தேர்வெழுத வந்தால் தங்க ஓர் இடம் கிடைத்தது, நல்ல காரியம்தான். குலம் என்பது தேவைக்கேற்பக் கதவை அகலப்படுத்திக்கொண்ட அமைப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சிங்கப்பூர் மேகசின் ரோட்டில் டான் கிம் சிங்கும் டான் பெங் சுவீயும் 1870களில் எழுப்பிய கோயிலும் டான் என்ற பெயருள்ளவர்களை அப்படித்தான் சேர்த்துக்கொண்டது.

மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமே என்பீர்கள். குடும்பப்பெயரைத் தேடும் சோதனைகள் பெரும்பாலும் ஒய் குரோமோசோமை நம்பியவை. அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, பெண்ணுக்குக் கிடையாது. அம்மாவிடம் இல்லாததை அம்மா எனக்கும் தர முடியாது. மற்ற வகைச் சோதனைகள் உறவைக் காட்டும்தான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது சோதனை செய்து வைத்திருக்க வேண்டும். அவர்களிடம் போய்ச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

உங்களில் சிலருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கலாம், அதையும் பேசிவிடுவோம். கொங்சி எனப்படும் உங்கள் குலச் சங்கங்களுக்குக் கடைவீடுகள் இருக்கின்றன, வாடகை வருகிறது, உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. ஒன்றும் வேண்டாம். பங்கு வேண்டாம், ஓட்டு வேண்டாம், உதவித்தொகை வேண்டாம். தேவையென்றால் எழுதியே தருகிறோம்.

நாங்கள் கேட்பது ஒரு தனி ஏடு. பழைய வம்சாவளியில் கைவைக்க வேண்டியதில்லை. கொடுக்கப்பட்ட பெண்ணோ அவருடைய பிள்ளைகளோ வந்து, பிறந்த ஆண்டு, ஊர், கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அது, வாங்கியவர் இருந்த தோட்டம் எது என்று சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை உங்கள் உறுப்பினர்கள் பார்க்கும்படி வையுங்கள். ஏதோ ஒரு வீட்டில் இன்னும் ஒரு தங்கை, ஓர் அண்ணன் ஞாபகத்தோடு இருப்பார்கள். அப்புறம், சில வீடுகளில் பிறந்த நேரம் எழுதிய சிவப்புத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைப் படித்துச் சொல்ல, பழைய எழுத்து தெரிந்த ஒருவரை மாதத்தில் ஒரு நாளாவது உட்கார வையுங்கள். அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுங்கள். இந்தப் பெண்களில் பலர் படித்தது தமிழ்ப் பள்ளியில்தான்.

உங்கள் வீட்டு வாசல்களிலும் கல்லறைகளிலும் குலத்தின் பூர்வீக ஊராக யிங்சுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்க்காரர் சென் ஷி, ஹான் காலத்து நல்ல அதிகாரி, உத்திரத்தின் மேல் ஒளிந்திருந்த திருடனைக்கூடக் கனவான் என்று அழைத்து, புத்தி சொல்லி, இரண்டு பட்டுச் சுருள் கொடுத்து அனுப்பினாராம். நாங்கள் வாசல் வழியாகத்தான் வருகிறோம்.

அம்மாவின் வயதுக்காரர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வளர்த்தவர்களில் அநேகமாக யாரும் இல்லை. கொடுத்தவர்களும் இருக்க மாட்டார்கள். உங்கள் நிர்வாகக் குழு கூடும்போது இதை எடுத்துப் பேசி, முன்னோர் கல்லறைகளை வழிபடும் அடுத்த செங் பெங் நாளுக்கு முன் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் தாருங்கள். ஆமாம் என்றால் முதல் பக்கத்துக்கு வேண்டிய விவரங்களை அம்மாவே நேரில் வந்து சொல்வார். மொழிபெயர்க்க நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
டான் வீட்டில் பிறந்த ஒரு தமிழ்த்தாயின் மகன்,
கிள்ளான்