செம்பு என்று சொல்லி விற்ற பேட்டரி ஸ்விட்ச்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கையால் திருப்பும் பேட்டரி மாஸ்டர் ஸ்விட்சில் உள்ள குறை

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மிசௌரியில் ஒரு ஹேங்கரில் ஜெனித் சிஎச் 750 விமானத்தை நானே கட்டிவருகிறேன். இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். அதன் ஜெனரேட்டர் தருவதே அதிகபட்சம் 250 வாட்தான். வழக்கமான காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட்டால், பறக்கும் நேரமெல்லாம் அதன் கம்பிச்சுருள் மட்டுமே ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். பேட்டரியும் என் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, பெல்ட் கட்டியிருந்தாலும் கைக்கு எட்டுகிற இடத்தில், உங்கள் ஸ்விட்சைப் பொருத்தினேன். காக்பிட்டில் புகை வந்தால் ஒரே திருப்பில் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சாமானே.

முதல் நாளே ஸ்டார்ட்டர் திணறியது. இந்த இன்ஜினுக்கு அது ஆகவே ஆகாது. நிமிடத்துக்கு 220 சுற்றாவது வந்தால்தான் இக்னிஷன் வேலை செய்யும். மெதுவாகச் சுற்றும்போது இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டர் கிளட்சும் அடிவாங்கும். பேட்டரிதான் காரணம் என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அப்போதும் அதே திணறல்.

அப்புறம் ஸ்விட்சின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன். 0.8 வோல்ட் காட்டியது; அவ்வளவும் ஸ்விட்சிலேயே வீணாகிறது. நல்ல ஸ்விட்சில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நான்கைந்து முறை முயன்ற பிறகு தொட்டுப் பார்த்தால் முனைகள் சுட்டன. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, கேபிள் முனைகளில் உள்ள இரண்டு லக்குகளையும் (உலோக வளையங்கள்) ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கினேன். அதே கேபிள், அதே பேட்டரி. உடனே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சந்தேகத்தில் ஸ்விட்சின் முனைகளில் ஒரு காந்தத்தை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. செம்பிலோ பித்தளையிலோ காந்தம் ஒட்டாது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் 'முழுச் செம்பு' என்று இருந்ததை நம்பித்தான் வாங்கினேன். மேலே செம்புப் பூச்சு, உள்ளே செம்பு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாத இரும்பு. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "இது படகுக்கானது, விமானத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அதே பக்கத்தில் 'சிறு விமானங்களுக்கும் ஏற்றது' என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். சரி, படகுக்கு என்றே வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து தள்ளிப் போன படகில் இன்ஜின் கிளம்பாவிட்டால் மட்டும் பரவாயில்லையா?

உங்கள் வயரிங் படத்திலும் ஒரு பெரிய குறை உண்டு. ரோட்டாக்ஸ் ஜெனரேட்டர் நிரந்தரக் காந்தத்தில் ஓடுவது. பேட்டரியைத் துண்டித்தாலும் இன்ஜின் சுற்றும்வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அதையும் சேர்த்துத் துண்டிக்க ஸ்விட்சில் உள்ள சிறிய துணை முனைகளைப் பயன்படுத்தலாம். படத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அப்படியே பின்பற்றினால், புகை வரும்போது ஸ்விட்சைத் திருப்பியவர் எல்லாம் அணைந்துவிட்டது என்று நம்பிவிடுவார்.

ஸ்விட்சைத் திருப்பி அனுப்புகிறேன். முழு விலையையும் அனுப்பும் செலவையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். இதே ஸ்விட்சை வாங்கிய மற்றவர்களுக்கு எழுதுங்கள். பறப்பதற்கு முன் அவர்கள் ஒரு காந்தத்தையாவது வைத்துப் பார்க்கட்டும். வயரிங் படத்தைத் திருத்தும்வரை 'சிறு விமானங்களுக்கும் ஏற்றது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டர் அளவுகளின் படங்களும் ரசீதும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்