மலேசியாவின் பிறை நகரக் கிடங்கில் உதவிய லாரிக்கார அண்ணனுக்கு நன்றி

பிறையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி திரும்பும்போது அதன் பின்பக்கம் வீசி வந்து என் தம்பியின் காலை ரேக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி அது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒதுங்க நேரமே இருக்காது. எல்லாரும் "முன்னால எடு" என்று கத்தினார்களாம். எடுத்திருந்தால் இன்னும் நசுக்கியிருக்கும். சரக்கு ஏற்ற வந்த நீங்கள்தான், "ஸ்டீயரிங்கைத் தொடாதே, வந்த வழியே மெல்லப் பின்னால எடு" என்றீர்கள். அவசர உதவி எண் 999-க்கு அழைத்ததும் நீங்கள்.

அப்புறம் தம்பியின் போனிலிருந்து என்னிடம், "48 மணி நேரத்துக்குள்ள கம்பெனி இந்த விபத்தைச் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்கணும்மா, விட்டுடாதே" என்றீர்கள். அதைக் கம்பெனியில் யாரும் சொல்லவில்லை! விண்ணப்பம் போட்டுவிட்டோம். தம்பி தேறி வருகிறான். உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணே.