பியானோவுக்குள் எரியும் பல்ப்

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "நான் எழுதின துண்டு படத்துக்குப் போட்ட மியூசிக் மாதிரி இருக்காம், அம்மா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? ஓ.எல். சோதனை றிசல்ட் வந்த அன்றும் இப்படித்தான் சிரித்தாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் போடுவாய். அதனால் கொப்பித் தாளில் எழுதுகிறேன். கீழ்வீட்டுப் பிள்ளை படம் எடுத்து அனுப்பும்.

உன்னைக் குறை சொன்ன அந்த மனிசனைத் திட்டத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அவர் சொன்னதை இருபது வருடத்துக்கு முன்னமே உனக்குச் சொன்னவள் நான்தானே.

நினைவிருக்கிறதா? பியானோ கிரேட் ஃபைவ் சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. ஸ்கேல்ஸ் வாசிக்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். இரண்டு ஸ்கேல் கேட்டது. மூன்றாவதுக்குப் பதிலாக அப்பாவின் கசெற்றில் வருகிற ஒரு பாட்டின் முன்னிசை கேட்டது. வலதுகை மட்டும் என்றால் விட்டிருப்பேன். பேஸ் கிற்றார் போகிற வழியை இடதுகையில் நீயே கண்டுபிடித்து வாசித்துக்கொண்டிருந்தாய். இடியப்ப மா ஒட்டின கையோடு வந்து மூடியை இழுத்துச் சாத்தினேன். விரலை எடுத்துவிட்டாய், நல்ல காலம். "இது படப்பாட்டு வாசிக்கிற சாமான் இல்லை" என்றேன். அப்பா சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருந்தவர். ஒரு சொல் கதைக்கவில்லை. மூடியில் என் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தது. அதைப் பிறகு துடைத்தது அவர்தான்.

மெல்பேணுக்குப் போன பறங்கிக் குடும்பம் ஒன்று விற்றுவிட்டுப் போன பியானோ அது. கடற்காற்று கம்பியைத் தின்னும், ஈரம் மரத்தை ஊத வைக்கும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அடிப்பெட்டிக்குள்ளே எப்போதும் ஒரு பல்ப் எரியட்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனா. வீட்டில் அது அப்பாவின் பொறுப்பு. பாக், மொசார்ட் எனக்கு. பல்ப் அவருக்கு.

உனக்கு கோர்ன்கோல்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட் என்ற இசையமைப்பாளர். நானே பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் படித்த சோதனைப் புத்தகங்களில் அவர் இருக்கவில்லை. 1897இல் ப்ர்னோவில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே பெரிய இசையமைப்பாளர் மாலர் அவரை மேதை என்றார். 23 வயதில் அவர் எழுதிய ஓபரா 1920இல் ஹம்பேர்க்கிலும் கொலோனிலும் ஒரே நாளில் மேடையேறியது. அப்படிப்பட்ட ஒரு ஆளைத்தான் ஹொலிவூட் கூப்பிட்டது. 1934இல் ஒருதரம் போனார், பிறகு அங்கும் இங்குமாக இருந்தார். 1938 தொடக்கத்தில் ராபின் ஹூட் படத்துக்கு மறுபடி வரச் சொன்னார்கள். போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சண்டைப் படம் எனக்குச் சரிவராது என்று மறுத்தவர், பிறகு ஒருமாதிரி ஒப்புக்கொண்டார். அவர் அங்கே இருக்கும்போதே மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அவர் யூதர். அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று பிற்காலத்தில் சொன்னார். திரும்பிப் போக வீடில்லை என்றால் என்ன என்று 83 ஆடிக் கலவரத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் போய் இறங்கினவளுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

ஹிட்லர் இருக்கும்வரை கச்சேரி மேடைக்கு எழுதமாட்டேன் என்று இருந்தவர், 1945இல்தான் வயலின் கொன்செர்ட்டோவை முடித்தார். அதில் வருகிற மெட்டுகள் அவரே படங்களுக்குப் போட்டவை. ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. 1947இல் சென்ட் லூயிஸில் பெரிய வயலின்காரர் ஹைஃபெட்ஸ் அதை வாசித்தார். நியூயோர்க்கில் ஒரு விமர்சகர் அவருடைய பெயரை கோர்ன் (சோளம்), கோல்ட் (பொன்) என்று இரண்டாக உடைத்து, இதில் பொன்னைவிடச் சோளம்தான் கூட என்று பகிடி பண்ணினார். இங்கிலிஷில் சோளம் என்றால் மலிவான உருக்கம் என்றும் பொருள். 1949இல் வியன்னாவுக்குத் திரும்பிப் போனால், அங்கே அவர் பழைய காலத்து ஆள். 1957இல் லொஸ் ஏஞ்சல்ஸில், 60 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கொன்செர்ட்டோவை இன்றைக்கு வாசிக்காத பெரிய வயலின்காரர் குறைவு. நாளைக்குத் தனியாக இருந்து ஒருமுறை கேள். இரண்டாம் பகுதியில் வயலின் முதலில் ஏறி வருகிற இடத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கேள்.

இங்கிலிஷ் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டை உனக்கு அப்பாதான் பழக்கினார், நான் இல்லை. அதுவும் பிழையான வாசலால். ஸ்டார் வோர்ஸ் படத்தை ரீவியில் பார்த்துவிட்டு, இந்த மேளத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று என் அலுமாரியைக் கிண்டி, கிரகங்களுக்கு ஹோல்ஸ்ட் எழுதின 'பிளானெற்ஸ்' கசெற்றை எடுத்தார். அதில் செவ்வாய்க் கிரகப் பகுதி தொடங்கினதும் கதிரைக் கையில் "தகிட தக, தகிட தக" என்று தட்டி, "இது கண்டமெல்லோ!" என்றார். சரிதான், ஐந்தடி. வில்லின் மயிரால் இழுக்காமல் மரத்தால் கம்பியைத் தட்டச் சொல்லி ஹோல்ஸ்ட் எழுதியிருப்பார். அது அணிவகுப்பு மாதிரி இருக்கும், ஆனால் அணிவகுக்க முடியாது. இரண்டு கால் உள்ளவன் ஐந்துக்கு எப்படி நடப்பான்? 1914இல் போர் தொடங்க முன்பே அதை எழுதியிருந்தார். அறுபது வருடம் கழித்து ஜோன் வில்லியம்ஸ் அந்த ஸ்டார் வோர்ஸுக்கு இசை போட்டபோது ஹோல்ஸ்டின் அந்த இடியும் கோர்ன்கோல்டின் எக்காளமும் அவருடைய மேசையில் இருந்தன. ஆளுக்கு ஒரு மெட்டு வைத்து, ஆள் வருமுன்னே மெட்டு வருகிற வித்தை ஜேர்மன் ஓபராக்காரர் வாக்னருடையது. எங்கள் படங்களில் கதாநாயகி வருமுன் ஒரு ஹம்மிங் வருகிறதே, அதுவும் அந்தப் பரம்பரைதான்.

ஹோல்ஸ்ட் எனக்கு நெருக்கமானதற்குக் காரணம் வேறு. அவர் ஒரு ரீச்சர். லண்டன் ஹமர்ஸ்மித்தில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இசை படிப்பித்துவிட்டு, சனி ஞாயிறிலும் லீவிலும்தான் எழுதினார். கை நரம்பு வலி. பிரதி எழுத மற்றவர்கள் உதவினார்கள். சமஸ்கிருதம் படித்து, சாவித்திரி எமனோடு வாதாடுகிற கதையை ஓபராவாக்கினவர். 'பிளானெற்ஸ்' கடைசிப் பகுதிக்குப் பெண்கள் கோரஸ் ஒன்று எழுதினார். அவர்களை மேடையில் நிறுத்தக்கூடாது, பக்கத்து அறையில் நிறுத்தவேண்டும். முடிவில் அந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் மெல்ல மெல்லச் சாத்தவேண்டும் என்பது அவருடைய குறிப்பு. பாட்டு முடிகிறதா இல்லையா என்று உனக்குத் தெரியாது. இப்போது ஸ்ரூடியோவில் ஒரு பொத்தானை இறக்கிச் செய்கிற வேலையை அந்த மனிசன் ஒரு கதவால் செய்தார்.

கித்துல்கலவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனோமே, குவாய் நதிப் பாலத்தைப் படம் பிடித்த இடம் என்று. களனி கங்கையில் பாலமும் இல்லை ஒன்றுமில்லை என்று நீ அழுதாய். அப்பா விசிலடித்துக் காட்டினார். அந்த விசில் மெட்டு 1914இல் ஆல்ஃபோர்ட் என்பவர் போட்ட இராணுவ மார்ச். படத்துக்கு இசை மல்கம் ஆர்னோல்ட், ஒன்பது சிம்பொனி எழுதினவர், அதற்கு முன் லண்டன் பில்ஹார்மொனிக்கில் ட்ரம்பெட் வாசித்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? கைதிகள் விசிலடித்துக்கொண்டு வர, அதற்கு மேலேயே இன்னொரு மார்ச்சை எழுதி இரண்டையும் ஒன்றாக நடக்க விட்டார். உனக்கு நான் வருடக்கணக்காகக் கத்திக் கத்திப் படிப்பித்த கவுன்ட்டர்பொயின்ட் அதுதான். அன்றைக்கு ஆற்றங்கரையில் எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. கடலை வாங்கித் தந்து அழுகையை நிறுத்தினேன்.

எல்லாப் பட இசையும் திறம் என்று சொல்ல வரவில்லை. இப்போது வருகிறதில் பாதி, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரே பித்தளை உறுமல். டைரக்டர்மார் ஏற்கனவே உள்ள ஒரு இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் படத்தை வெட்டி ஒட்டுகிறார்கள், காதுக்குப் பழகிப்போனதும் 'இதே மாதிரி வேணும்' என்று கேட்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். டைரக்டர் குப்ரிக் அதையும் தாண்டி, 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நோர்த் எழுதிக் கொடுத்த இசையை எறிந்துவிட்டு, தற்காலிகமாகப் போட்ட ஸ்ட்ராஸையும் லிகெற்றியையும் அப்படியே வைத்தார். படம் திரையிட்ட அன்றுதான் நோர்த்துக்கே தெரியும். படம் வடிவுதான். ஆனால் இசை எழுதுகிற ஒருவனுக்கு அப்படிச் செய்யக்கூடாது.

நம் ஊரிலும் சுவர் அவ்வளவு உயரமில்லை. வாதுவையில் பிறந்த பிரேமசிறி கேமதாச சிங்களப் படங்களுக்கும் இசை போட்டார், ஓபராவும் எழுதினார். எனக்குத்தான் கண் தெரியவில்லை. அப்பா 86இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இற்' கசெற் வாங்கி வந்தபோது அட்டையைக்கூடப் பார்க்கவில்லை நான். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை என்று வெளியிட்டது அது. வருடங்கள் கழித்து ஒரு மழைநாளில், பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அவருடைய அறையிலிருந்து கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அதே கசெற். பாக் வாசித்துக்கொண்டிருக்க, நம்முடைய வயலின் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதைக்கிறது. "இப்பதான் கேக்குதோ?" என்றார் அப்பா. அவ்வளவுதான். குத்திக்காட்டத் தெரியாத மனிசன்.

2025 மார்ச்சில் இளையராஜா தன் முதலாவது சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினாரே, 81 வயதில். ஹரோ மாமி போய்விட்டு வந்து ஒரு மணித்தியாலம் போனில் கதைத்தா. உடுப்பு, குளிர், ரிக்கற் விலை எல்லாம் சொல்லி முடிய, எந்த இடம் என்று கேட்டேன். ஹமர்ஸ்மித் என்றா. ஹோல்ஸ்ட் படிப்பித்த அதே ஹமர்ஸ்மித். அப்பா இருந்திருந்தால் கதிரைக் கையில் தட்டியிருப்பார்.

பல்ப் போன கிழமை எரிந்துபோய்விட்டது. கடைக்காரர் எல்லாரும் எல்ஈடிதான் தருகிறார்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பியானோவுக்கு வேண்டியது சூடு. பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்து ஒரு பழைய கடையில் 40 வாட் குண்டு பல்ப் இரண்டு வாங்கினேன். நீ அங்கிருந்து அனுப்ப வெளிக்கிடாதே, கனடாவில் வோல்டேஜ் வேறு.

நீ செய்யவேண்டியது ஒன்று. படம் மாதிரி இருக்கிறது என்று சொன்ன அந்தத் துண்டை எனக்கு அனுப்பு. ஒலி வேண்டாம், எழுதினதை அனுப்பு. பிரின்ட் எடுப்பித்து ஸ்ராண்டில் வைக்கிறேன். பியானோவுக்குச் சுருக்கி, பெரிய எழுத்தில். இடதுகைக்குப் பத்தாவது சுரம் போடாதே ராசா, மூட்டு நோவோடு எட்டாது. அந்தப் பேஸ் போகிற வழி மட்டும் நீ முன்பு கண்டுபிடித்த மாதிரியே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா