கயிறு பிடிக்க ஓர் ஆள்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள தேவி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து, கஞ்சி, டாக்டர் என்று நாட்கள் ஓடிவிட்டன. இப்போது நன்றாக இருக்கிறாள். மாடியில் நின்று எதிர்வீட்டு முருங்கையில் எத்தனை காய் என்று எண்ணிச் சொல்கிறாள். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

சரி, உன் விஷயம். பாலியில் ஆபீஸ் வேலை முடிந்ததும் நான்கு நாள் லீவு போட்டு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன், படகில்லாமல் கரையிலிருந்தே இறங்கலாமாமே, தனியாகப் போனால் துணை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எழுந்து போய் என் டைவிங் மாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். தாமிரபரணியில் நீ அக்கரை தொட்டுத் திரும்புவாய், நான் பாதியில் நின்றுவிடுவேன். நீ எப்போதோ இறங்கியிருக்க வேண்டியவள். 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும், வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள்.

கரையிலிருந்து இறங்குவதற்கு பாலியின் துலம்பென் அருமையான இடம். அங்கே கிடக்கும் லிபர்ட்டி என்ற அமெரிக்கக் கப்பலை 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. மூழ்குவதற்குள் இழுத்து வந்து கரையில் ஏற்றிவிட்டார்கள். 21 வருஷம் அப்படியே கிடந்தது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே கப்பல் வந்துவிடும். மேல்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டர் வரை. முதல் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை, அதற்குள்ளேயே பார்க்க நிறைய இருக்கிறது. முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரை நீ தூக்க வேண்டாம். ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து ஏற்றி, அந்த உருளைக் கற்கள் மேல் நடந்து கொண்டுவந்து வைப்பார்கள். நம்ம ஊரில் குடம் தூக்கும் அதே நடை. அவர்களுக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வா.

ஆனால் இடத்தைவிட ஆள்தான் முக்கியம் தேவி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கே எனக்குப் பன்னிரண்டாவது டைவ். ஒரு கடையில் கேமரா வைத்திருந்த ஒருவரோடு என்னை ஜோடி சேர்த்து அனுப்பினார்கள். பெயரைக் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான் பேச்சு. 14 மீட்டரில் கறுப்பு மணல் சரிவில் தோட்ட விலாங்குகள் நின்றன. நாற்று நட்ட வயல் மாதிரி நூற்றுக்கணக்கில், பாதி உடம்பு மணலுக்குள், பாதி வெளியே, நீரோட்டம் பார்த்துத் தலை ஆட்டிக்கொண்டு. கிட்டப் போனால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினால் அவரைக் காணோம். ஒரு நிமிடம் சுற்றித் தேடு, இல்லையென்றால் மெதுவாக மேலே வா என்று வகுப்பில் சொல்லித்தந்தது நினைவிருந்தது. அப்படியே மேலே வந்தேன். அவர் வெளியே வர இன்னும் இருபது நிமிடமானது. நான் பிரிந்ததே அவருக்குத் தெரியவில்லை. அந்த இருபது நிமிடமும் நான் அலையில் மிதந்துகொண்டு அவருக்கு என்ன ஆனதோ என்று பட்ட பாட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தாத்தா சொல்வாரே, நினைவிருக்கிறதா? கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று. 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை, ஆனாலும் கீழே போகிறவனுக்கு மேலே ஒரு கை வேண்டும் என்பது மாறவில்லை. ஸ்கூபாவில் அந்தக் கை உன் பக்கத்திலேயே நீந்தி வர வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்குவார், நீ ஒருபோதும் அடக்கக் கூடாது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே உள்ளே இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

அந்தக் கேமராக்காரரோடு இறங்கிய மறுநாள் காலை, இட்லி கிடைக்காத ஊரில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது "தமிழா நீங்க?" என்று கேட்டபடி ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். ஈப்போக்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசியாக எப்போது டைவ் பண்ணினாய், கீழே போகும்போது காது அடைப்பு சரியாக எடுபடுகிறதா, காற்று சீக்கிரம் தீருமா, எது பார்த்தால் பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் கேட்டேன். டீ ஆறிப்போனது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவரோடு இறங்கலாம் என்று.

கரையில் அவர், மிதக்க உதவும் என் ஜாக்கெட்டில் காற்று ஏற்றி இறக்கிப் பார்த்தார். எடை பெல்ட் கொக்கியை இழுத்துப் பார்த்தார். காற்றழுத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே, வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுக்கச் சொன்னார். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். பிறகு இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து, ஒருவர் நிற்க மற்றவர் ஃபின்ஸ் என்ற கால் துடுப்புகளை மாட்டினோம். அலை பெரிதாக மூன்று நான்கு வரும், பிறகு கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில்தான் போக வேண்டும். தடுக்கி விழுந்தால் எழ முயலாதே, நீந்திவிடு. திரும்பி வரும்போதும் காலில் கரை தட்டுப்படும் வரை ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதே.

சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பாரில் (மீட்டர் காட்டும் அளவு அது) தொடங்கினால் 100இல் திரும்ப வேண்டும், 50 மீதம் இருக்கக் கரை சேர வேண்டும் என்று முன்பே பேசிக்கொண்டோம். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' இல்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். நம் ஆட்கள் எல்லோரும் முதலில் தவறுவது இதில்தான்.

மூன்றாம் நாள் அலை அதிகம். முழு உடையில் கரையில் நின்று பத்து நிமிடம் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைக் கழற்றினார். எனக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதி. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்லக் கூச்சம். அப்படிப்பட்டவரைத் தேடு. எத்தனை டைவ் என்ற கணக்கு பெரிதில்லை. யாரும் சரிப்படவில்லையென்றால் காசு போனால் போகட்டும், உனக்கென்று ஒரு கைடை வைத்துக்கொள்.

ஒரு யோசனை. வகுப்பையும் நீச்சல்குளப் பயிற்சியையும் இங்கேயே முடித்துக்கொண்டு, கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவை மட்டும் பாலியில் செய்யலாம். அந்த நான்கு நாளும் உனக்குக் கடலுக்கே மிஞ்சும். பல நாள் டைவ் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், டிக்கெட்டை அதற்கேற்ப போடு. இரண்டு வார இறுதிகள் என் வீட்டில் தங்கு, அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் நீரில் இறங்கி ஒன்றரை வருஷமாகிறது, உன்னோடு குளத்தில் நானும் பயிற்சி எடுக்கிறேன்.

உன் கால் அளவை எழுது. அந்தக் கற்களில் வெறுங்காலோடு நடக்க முடியாது, பூட்ஸ் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தி